ஏஸ் காம்பாட் 7 பிசி பதிப்பு: ஜாய்ஸ்டிக் சிக்கல், கடினமான மிஷன்கள், டிஎல்சி – விவரம் வேண்டும்

வானோடி_திருச்சி கேட்டது:

ஏஸ் காம்பாட் 7: ஸ்கைஸ் அன்னோன் என்ற போர் விமான வீடியோ விளையாட்டு தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாம் என்று பார்த்தால் விமர்சனங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பத்திரிகை மதிப்பெண்கள் 80-ஐ ஒட்டி இருக்கின்றன. ஸ்டீம் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் எழுதப்பட்ட பழைய விமர்சனங்களைப் பார்த்தால் பாதிப் பேர் ஜாய்ஸ்டிக்கைப் பற்றித் திட்டியிருக்கிறார்கள். கதை அபாரம் என்கிறார் ஒருவர், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்கிறார் அடுத்தவர்.

என்னிடம் த்ராட்டில் (வேகத்துக்கான லீவர்) உள்ள, கொஞ்சம் பழைய யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் ஒன்றும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்றும் இருக்கின்றன. ஜாய்ஸ்டிக்கில் இதை ஒழுங்காக ஓட்ட முடியுமா? ஆட்கள் பாதியில் நிறுத்திவிடும் மிஷன்கள் எவை, ஏன்? விமானங்களையும் பாகங்களையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போகும் விமான மரத்தில் எந்தக் கிளையைப் பிடித்துப் போவது? கூடுதல் உள்ளடக்கத்தை (டிஎல்சி) மொத்தமாகத் தரும் சீசன் பாஸ் தேவையா? டிசிஎஸ் மாதிரி சிமுலேட்டர் பழக்கம் இருப்பவருக்கு இது பிடிக்குமா என்பதும் தெரிந்தால் நல்லது.


மேகமூட்டம் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், விமர்சனக் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இது சிமுலேட்டர் இல்லை. ஒரு விமானத்தில் எத்தனையோ டஜன் ஏவுகணைகள் இருக்கும், எரிபொருள் தீராது, ரேடாரை இயக்கக் கற்க வேண்டியதில்லை. அதற்காக வெறும் பட்டன் தட்டும் விளையாட்டும் இல்லை. எதிரியை எந்தக் கோணத்தில் நெருங்குவது, வேகத்தை எப்போது செலவழிப்பது, எந்த மேகத்துக்குள் நுழைவது என்பதை எல்லாம் மிஷனுக்கு மிஷன் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சிமுலேட்டர் எதிர்பார்த்து வந்தவர்கள் திட்டினார்கள். இந்த வரிசையை முன்பே விளையாடியவர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டத்துக்குப் பின்னணி உண்டு. 2007-இல் வந்த ஆறாம் பாகத்துக்குப் பிறகு எண் போட்ட பாகமே வரவில்லை. நடுவில் 2011-இல் அசால்ட் ஹொரைசன் வந்தது. அது கற்பனை உலகத்தை விட்டுவிட்டு நிஜ உலகத்துக்குப் போனது, துரத்தல் காட்சிகளைத் தண்டவாளத்தில் ஓட்டுவதுபோல் ஆக்கியது. பழைய ரசிகர்களுக்கு அது கசந்தது. ஏழாம் பாகம் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, தள்ளித் தள்ளி 2019 ஜனவரியில் கன்சோல்களுக்கு வந்தது, பிசிக்கு இரண்டு வாரம் கழித்து. ஓசியா, எருசியா என்ற அந்தப் பழைய கற்பனை நாடுகள், விண்வெளி லிஃப்ட், ராட்சத ட்ரோன் தாங்கி விமானம், கெய்கி கோபயாஷியின் இசை எல்லாம் திரும்பி வந்தன. விற்பனை பின்னாளில் 50 லட்சத்தைத் தாண்டியது. இந்த வகை விளையாட்டுக்கு இது மிகப் பெரிய எண்.

கதை பற்றிய குறை நியாயமானது. ஒரே போரை ஓர் இளவரசி, ஒரு மெக்கானிக், ஒரு முதிய எருசிய விமானியை ஆராயும் விஞ்ஞானி என்று பலர் கண்வழியே சொல்கிறார்கள். நீங்கள் ஏற்கும் ட்ரிகர் என்ற விமானி வாயே திறப்பதில்லை. அதைவிடப் பெரிய இடைஞ்சல், கதையின் முக்கால்வாசி ரேடியோ உரையாடலில்தான் இருக்கிறது. ஏவுகணை துரத்தும்போது சப்டைட்டிலை யார் படிப்பது? ஆங்கிலக் குரலை வைத்து, அமைப்புகளில் இசையைக் கொஞ்சம் குறைத்து ரேடியோ ஒலியை ஏற்றிவிடுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக்கு மிஷனுக்கு முந்தைய பிரீஃபிங்கைத் தாண்டிவிடாமல் கேட்க வேண்டும்.

ஆன்லைன் பகுதியைப் பெரும்பாலோர் குறை சொன்னார்கள், நானும் அதை ஏற்கிறேன். அதிகபட்சம் 8 பேர், பேட்டில் ராயல், டீம் டெத்மேட்ச் என்று இரண்டே வகை. இருவர் சேர்ந்து மிஷன் ஆடும் வசதி இல்லை. அதை நம்பி வாங்க வேண்டாம். விஆர் (தலையில் கருவி மாட்டி ஆடும் வசதி) எதிர்பார்ப்பும் வேண்டாம், அது பிளேஸ்டேஷன் 4-இல் மூன்று தனி மிஷன்களோடு நின்றுவிட்டது, பிசிக்கு வரவில்லை.


த்ராட்டில்ராஜா எழுதியது:

ஜாய்ஸ்டிக் விஷயத்துக்கு வர்றேன். பிசி வெளியீட்டன்று கோபம் வந்ததற்குக் காரணம், விளையாட்டு ஒரு சில ஹோட்டாஸ் (ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்ந்த செட்) மாடல்களை மட்டும்தான் அடையாளம் கண்டுகொண்டது. விலை உயர்ந்த செட் வைத்திருந்தவர்களுக்குக்கூட வேலை செய்யவில்லை. பிறகு ரசிகர்கள் விளையாட்டின் இன்புட்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, தங்கள் சாதனத்தின் அடையாள எண்ணையும் அச்சுகளையும் கையால் எழுதிச் சேர்த்து ஓட வைத்தார்கள். அந்த வழியில் போவதாக இருந்தால் கோப்பின் நகல் ஒன்றை முதலில் எடுத்து வையுங்க. ஒரு வரி தப்பினால் கன்ட்ரோலரும் சேர்ந்து செத்துப்போகும்.

பழைய ஸ்டிக்குக்கு அதைவிட எளிய வழி, அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் மாதிரி காட்டுவது. எக்ஸ்360சிஇ என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு இதைச் செய்யும், அதற்கு விஜெம் (ViGEm) டிரைவர் வேண்டும். கூடவே அசல் ஸ்டிக்கை விளையாட்டின் கண்ணிலிருந்து மறைக்கும் ஹிட்ஹைட் என்ற சின்ன மென்பொருளையும் போடுங்க. இல்லையென்றால் விளையாட்டு அசல் ஸ்டிக், போலி கன்ட்ரோலர் இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து, விமானம் தானாக ஒரு பக்கம் சாயும். "டிரிஃப்ட் ஆகுது, ஸ்டிக் கெட்டுப்போச்சு" என்று எழுதுபவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இந்த இரட்டை உள்ளீடுதான்.

இப்போது எல்லாரும் தப்பு செய்யும் இடம் த்ராட்டில். சிமுலேட்டரில் லீவர் எங்கே நிற்கிறதோ அதுதான் எஞ்சின் விசை. இங்கே அப்படி இல்லை. கன்ட்ரோலரின் வலது ட்ரிகர் பட்டன் முடுக்கம், இடது ட்ரிகர் பிரேக், இரண்டையும் விட்டால் விமானம் தானே பயண வேகத்துக்குத் திரும்பிவிடும். அதனால் லீவரின் மேல் பாதியை வலது ட்ரிகருக்கும் கீழ்ப் பாதியை இடது ட்ரிகருக்கும் பிரித்துக் கொடுக்கணும். நடுவில் 10 முதல் 15 சதவீதம் டெட்ஜோன் (அசைத்தாலும் எதுவும் நடக்காத பகுதி) வைக்கணும். அது இல்லாவிட்டால் பயண வேகத்தில் நிற்கவே முடியாது, எப்போதும் லேசாக பிரேக்கோ முடுக்கமோ அழுந்திக்கொண்டே இருக்கும்.

அடுத்த சிக்கல் இன்னும் முக்கியம். ஹை-ஜி என்ற மிகக் கூர்மையான திருப்பத்துக்கு முடுக்கம், பிரேக் இரண்டையும் ஒன்றாக அழுத்திக்கொண்டு ஸ்டிக்கை இழுக்கணும். ஒரே லீவரில் இரண்டும் சேர்ந்து அழுந்த வழியே இல்லை! ஸ்டீமில் உள்ள ஸ்டீம் இன்புட் என்ற வசதியில் ஒரு பட்டனுக்கு இரண்டு கட்டளை தரலாம். ஸ்டிக்கில் சுட்டுவிரலுக்குப் பக்கத்தில் உள்ள பட்டன் ஒன்றை எடுத்து அதற்கு இரண்டு ட்ரிகரையும் கொடுத்துவிடுங்க. இதைச் செய்யாமல் ஓட்டினால் விளையாட்டின் பாதி சூழ்ச்சிகள் உங்களுக்குக் கிடைக்காது.

ஸ்டிக்கின் முறுக்கு அச்சை இரண்டாகப் பிரித்து எல்பி, ஆர்பி பட்டன்களுக்குத் தாருங்க, யா (மூக்கை இடம் வலமாகத் திருப்புவது) அங்கேதான் இருக்கிறது. துல்லியமாக இருக்காது. தரை இலக்கில் துப்பாக்கியால் சுடும்போது மூக்கை நேர்படுத்த அது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் கருத்து: கன்ட்ரோலரில் ஆடுங்க. இந்த விளையாட்டு கன்ட்ரோலருக்காகவே வடிவமைக்கப்பட்டது. எதில் ஆடினாலும் முதல் வேலை, கட்டுப்பாட்டு வகையை எக்ஸ்பர்ட் என்று மாற்றுவது. எளிய வகையில் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் தானே சாய்ந்து திரும்பி தானே நேராகிக்கொள்ளும். உருளவும் முடியாது, கூர்மையாகத் திரும்பவும் முடியாது. முதல் ஒரு மணி நேரம் எக்ஸ்பர்ட் கஷ்டமாக இருக்கும், அதன்பின் பழையதற்குத் திரும்ப மனம் வராது.

ஜாய்ஸ்டிக்கை விட மனமே இல்லை என்றால் 2020 டிசம்பரில் வந்த ப்ராஜெக்ட் விங்மேன் பாருங்க. செக்டர் டி2 என்ற சின்னக் குழு செய்தது, இதே பாணி. ஜாய்ஸ்டிக், விஆர் இரண்டுக்கும் ஆதரவு நன்றாக இருக்கிறது. ஒரே விமானத்தில் பல வகை சிறப்பு ஆயுதங்கள் மாட்டலாம், இங்கே ஒன்றுதான்.


சுகோய்30 எழுதியது:

மேகத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. இந்த பாகத்தின் பெரிய புதுமையே அதுதான். அன்ரியல் 4 எஞ்சின்மேல் ட்ரூஸ்கை என்ற தொழில்நுட்பத்தைச் சேர்த்து மேகத்தை நிஜக் கனத்தோடு செய்திருக்கிறார்கள். அழகுக்கு மட்டும் இல்லை. உள்ளே நுழைந்தால் ஏவுகணைகளின் துரத்தல் மழுங்கும், இது உங்களுக்கும் பொருந்தும், எதிரிக்கும் பொருந்தும். அதிக நேரம் உள்ளே இருந்தால் பனி படிந்து விமானம் சொன்னபடி கேட்காது. இடிமேகத்தில் மின்னல் அடித்தால் திரைக்குறிகள் சில நொடிகள் போய்விடும். எனவே மேகம் ஒளிவதற்கு, தங்குவதற்கு இல்லை. பின்னால் ஏவுகணை வரும்போது உள்ளே நுழைந்து, திசை மாற்றி, உடனே வெளியே வந்துவிட வேண்டும். பனியைக் குறைக்கும் பாகம் ஒன்று விமான மரத்தில் கிடைக்கும், ஏழாவது மிஷனுக்கு முன் அதை வாங்கி வைத்தால் நல்லது.


மேகமூட்டம் எழுதியது:

மிஷன்கள், விமானங்கள் பற்றி மிச்சத்தை எழுதுகிறேன். மொத்தம் 20 மிஷன்கள்.

முதலில் ஆட்கள் முட்டி நிற்பது ஆறாவது மிஷனில். நேர வரம்புக்குள் குறிப்பிட்ட புள்ளிகளை எடுக்க வேண்டும், கதை நகராது, இலக்குகள் சிதறிக் கிடக்கும். வான்போர் விமானத்தோடு போனவர்கள் ஒவ்வொரு இலக்காகத் துரத்தி நேரத்தைத் தொலைத்தார்கள். ஒரே முறையில் நான்கு தரை இலக்குகளை லாக் செய்யும் (குறிபிடிக்கும்) ஆயுதத்தோடு போய், நெருக்கமாக இருக்கும் கூட்டங்களை மட்டும் அடியுங்கள். தனியாக நிற்கும் வண்டிக்காக வரைபடத்தைக் கடக்காதீர்கள். பதினொன்றாவது மிஷனும் இதே புள்ளிக் கணக்குதான், அங்கே கடல், எண்ணெய் மேடைகள், கப்பல்கள்.

எட்டாவது மிஷனில் மணல் புயல் வந்தபின் தப்பி ஓடும் டேங்கர் லாரிகளைத் தேட வேண்டும். லாக் ஆகும் தூரம் மிகவும் குறைந்துவிடும். உயரத்திலிருந்து தேடினால் கிடைக்காது. தாழ்ந்து, சாலையை ஒட்டி, பயண வேகத்துக்குக் கீழே பறக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே மணல்மேட்டில் மோதுவதுதான் இங்கே வழக்கமான முடிவு. அதனால் கண் உயரமானியிலும் இருக்கட்டும். பலர் வெறுத்த மிஷன் இது, எனக்கும் இதன் நேர வரம்பு தேவையற்ற கெடுபிடியாகவே படுகிறது.

13-இல் ஏவுகணைக் கிடங்குகளைத் தகர்க்க வேண்டும். கடைசியில் கிளம்பிவிட்ட ஏவுகணைகளைத் துரத்த வேண்டியிருக்கும், மெதுவான தாக்குதல் விமானத்தோடு போனால் அங்கே தோற்பீர்கள். 14-இல் இரவில், ரேடார் கண்ணில் படாமல் பள்ளத்தாக்குக்குள் பறக்க வேண்டும், அங்கே வேகத்தைவிட மூக்கின் கட்டுப்பாடுதான் முக்கியம். 16-இல் யார் எதிரி, யார் நண்பன் என்பதே நெருங்கினால்தான் தெரியும். எனவே தூரத்து ஆயுதம் அங்கே வீண்.

ஒரு விதியை எப்போதும் நினைவில் வையுங்கள்: செக்பாயின்டிலிருந்து மீண்டும் தொடங்கினால் விமானத்தையோ ஆயுதத்தையோ மாற்ற முடியாது. தவறான ஆயுதத்தோடு நடுவில் சிக்கிக்கொண்டால், மிஷனை முதலிலிருந்து தொடங்குவதே மிச்சம்.

விமான மரத்துக்கு எம்ஆர்பி என்ற புள்ளிகள்தான் காசு. முதல் சுற்றில் எல்லாம் வாங்கும் அளவுக்கு அது வராது. எஃப்-16சியிலிருந்து கிளம்பி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வாங்காமல் ஒரே கிளையைப் பிடித்துப் போங்கள். வானத்திலும் தரையிலும் ஓரளவு ஈடுகொடுக்கும் பல்நோக்கு விமானம் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும், பத்துக்கும் அதிகமான மிஷன்களுக்கு அதுவே போதும். சிறப்பு ஆயுதங்களைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பாகங்களை வாங்குமுன் விளக்கத்தைப் படியுங்கள், சில பாகங்கள் ஆன்லைன் ஆட்டத்தில் மட்டுமே வேலை செய்யும். காசு போதாவிட்டால் முடித்த மிஷன்களைத் திரும்ப ஆடிச் சேர்க்கலாம்.

ரஷ்யக் கிளையில் போனால் நடுவில் எஸ்யூ-30எஸ்எம் வரும். தஞ்சாவூரில் நிற்கும் எஸ்யூ-30எம்கேஐயின் வழியில் உருவானது அது, நம் ஊர்க்காரர்கள் பலர் அந்தக் கிளையை எடுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விளையாட்டிலும் நன்றாகத் திரும்பும் விமானம்தான்.


புதுவிமானி எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு லாக் ஆகி சிவப்பு வந்த பிறகுதான் அடிக்கிறேன், ஆனாலும் ட்ரோன்கள் மேல் பாதி ஏவுகணைகள் படுவதே இல்லை. ஏன்? பின்னால் வரும் ஏவுகணையிலிருந்து தப்பவும் முடியவில்லை.


சுகோய்30 எழுதியது:

சிவப்புக் கட்டம் "எட்டும் தூரம்" என்றுதான் சொல்கிறது, "கட்டாயம் படும்" என்று சொல்வதில்லை. சாதாரண ஏவுகணைக்குத் திரும்பும் திறன் குறைவு. எதிரி உங்கள் பார்வைக்குக் குறுக்கே ஓடும்போது அடித்தால் அது வளைந்து பிடிக்க முடியாமல் கடந்துவிடும். எதிரியின் வாலுக்குப் பின்னால் வந்து, 1000 மீட்டருக்குள் நெருங்கி, அவன் திருப்பத்தை முடித்து நேராகும் நொடியில் விடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் விடாமல் ஒன்றை விட்டு, அதைத் தவிர்க்க எதிரி திரும்பி முடிக்கும்போது இரண்டாவதை விடுவது நல்ல பலன் தரும். இலக்கு மாற்றும் பட்டனை அழுத்திப் பிடித்தால் கேமரா எதிரியையே பார்த்திருக்கும், ட்ரோன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். அதே பார்வையில் தரைக்கு அருகே நீடித்தால் மலையில் மோதுவீர்கள், அதனால் உயரம் இருக்கும்போது மட்டும்.

தப்புவதற்கு: நேராக ஓடினால் எந்த வேகத்திலும் அது பிடித்துவிடும். எச்சரிக்கைக் குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அதை உங்கள் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து, ஏவுகணை நெருங்கும்வரை பொறுத்து, ஹை-ஜி திருப்பம் போடுங்கள். சீக்கிரமே திரும்பினால் அது உங்களோடு சேர்ந்து திரும்ப நேரம் கிடைத்துவிடும். ஹை-ஜி வேகத்தைத் தின்னும், அடுத்தடுத்து இரண்டு போட்டால் ஸ்டால் ஆகி (தூக்குவிசை இழந்து) மூக்கு கவிழும். ஒவ்வொன்றுக்கும் பிறகு முழு முடுக்கம் கொடுத்து வேகத்தை மீட்டெடுங்கள். ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃபிளேர், கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாக உள்ளே அழுத்தினால் வரும், எண்ணிக்கை கொஞ்சம்தான். மூன்று நான்கு ஏவுகணைகள் ஒரே நேரத்தில் வரும்போதுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதிய எருசிய விமானி, மிஸ்டர் எக்ஸ், வரும் மிஷன்களில் இது இன்னும் முக்கியம். ஏழிலும் பத்திலும் அவரை வீழ்த்தவே முடியாது, தாக்குப்பிடித்தால் போதும். அது தெரியாமல் எல்லா ஏவுகணைகளையும் அவர்மேல் கொட்டி அலுத்தவர்கள் நிறைய. 18-இல்தான் உண்மையான மோதல். வாலைப் பிடித்து ஒட்டிக்கொண்டால் அவர் திடீரென்று வேகத்தை அறுத்து உங்கள் பின்னால் வந்துவிடுவார். கொஞ்சம் தள்ளி நின்று, அவர் அந்தச் சாகசத்தை முடித்து மெதுவாக வெளிவரும்போது அடியுங்கள்.

அவர் செய்வதை நீங்களும் செய்யலாம். அதற்கு எக்ஸ்பர்ட் கட்டுப்பாடு, அந்தத் திறன் உள்ள விமானம், மணிக்கு 500 கி.மீ. சுற்றிய குறைந்த வேகம் மூன்றும் வேண்டும். இரண்டு ட்ரிகரையும் அழுத்தி ஸ்டிக்கை முழுக்க இழுத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். வேகமெல்லாம் போய்விடுவதால் கூட்டத்துக்கு நடுவே செய்யாதீர்கள்.


வானோடி_திருச்சி எழுதியது:

மிக்க நன்றி. த்ராட்டிலைப் பாதியாகப் பிரிக்கும் விஷயம் வேறெங்கும் கிடைக்கவில்லை. கன்ட்ரோலரிலேயே தொடங்குகிறேன். சீசன் பாஸ் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். ஸ்விட்சில் இருப்பது எப்படி என்றும் என் தம்பி கேட்கச் சொன்னான்.


த்ராட்டில்ராஜா எழுதியது:

சீசன் பாஸில் மூன்று விமானங்களும் மூன்று கூடுதல் மிஷன்களும் வரும். விமானங்களுக்காக வாங்க வேண்டாம், மூலவிளையாட்டில் இருப்பதே போதும். மிஷன்களுக்காகக் கண்டிப்பா வாங்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாதத்துக்கு ஒன்றாக வந்தவை. அலிகார்ன் என்ற ராட்சத நீர்மூழ்கியும் அதன் கேப்டன் டோரஸும்தான் மையம். முக்கியக் கதையைவிட இந்த மூன்றும் இறுக்கமாக எழுதப்பட்டிருக்கு என்பதுதான் ரசிகர்களில் பெரும்பாலோர் கருத்து. கதையில் நடுவே நடப்பவைதான், ஆனாலும் 20-ஐயும் முடித்துவிட்டுத் தொடுங்க, கடினம் அந்த அளவுக்கு ஏறும். கப்பலையும் அடிக்கணும், வானத்தில் ஏஸ் விமானிகளையும் சமாளிக்கணும், எனவே வெறும் தரைத் தாக்குதல் விமானம் உதவாது.

2022-இல் வந்த டாப் கன் மேவரிக் டிஎல்சி விமானங்கள், பெயின்ட், இசை மட்டும். புது மிஷன் கிடையாது.

ஸ்விட்ச் பதிப்பு 2024 ஜூலையில் டீலக்ஸ் பெயரில் வந்தது, கூடுதல் மிஷன்கள் உள்ளேயே இருக்கின்றன. நொடிக்கு 30 பிரேம்தான் (30 எஃப்பிஎஸ்), மேகங்களின் நுணுக்கம் குறைவு, ஆனால் எதிர்பார்த்ததைவிட நல்ல போர்ட் என்றுதான் பொதுவாகச் சொன்னார்கள். தம்பியிடம் ஒன்று சொல்லிடுங்க: ஸ்விட்ச் கன்ட்ரோலரின் ட்ரிகர் அனலாக் இல்லை, அழுத்தினால் முழு முடுக்கம், விட்டால் சுழியம். மெதுவாக வேகம் கூட்டணும் என்றால் தட்டித் தட்டித்தான் பிடிக்கணும்.